பலிபீடத்தருகே ஓர் அன்னாசி



சந்திரப் புத்தாண்டு நாளில் எங்கள் பங்கு ஆலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியின் படங்கள் சிலவற்றைச் சென்ற வாரம் இப்பக்கத்தில் பகிர்ந்திருந்தேன். அவற்றுள் ஒன்று உங்களுள் பலருடைய உள்ளத்தை உறுத்தியிருக்கிறது. பலிபீடத்திற்குச் சற்றுக் கீழே செந்துணி விரித்த ஒரு சிறிய மேசை. அதன்மேல் முன்னோரை நினைவுகூரும் பலகை. அதன் முன்னே ஊதுவத்திக் கலமும் இரு பூச்சாடிகளும். தட்டுகளில் ஆப்பிளும் கமலா ஆரஞ்சும். நடுவே இலைமுடியோடு நிமிர்ந்து நிற்கும் ஓர் அன்னாசி, அதன் இடையில் சுற்றிய சிவப்புத் தாள். இதுதான் அந்தப் படம்.

"இது காணிக்கை மேசையா, பழக்கடையா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்து நானும் சிரித்தேன். வேறொருவர் என் ஆன்மாவைக் குறித்த உண்மையான கவலையோடு தனிமடலில் எழுதினார்: அந்தப் பழங்கள் சீனர்களுக்கு அதிர்ஷ்டத்தின் அடையாளங்கள் அல்லவா, அவற்றைக் கிறிஸ்துவின் இல்லத்தில் வைப்பது வேற்றுத் தெய்வங்களுக்கு இடங்கொடுப்பது ஆகாதா என்று கேட்டார். மூன்றாமவர் சற்றுச் சினத்தோடு, "அடுத்த ஆண்டு தேங்காயும் உடைப்பீர்களோ?" என்றார். தேங்காயைப் பற்றி அவர் அறியாமல் கேட்டிருக்கலாம். ஆனால் மிகச் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அதற்குப் பின்னர் வருகிறேன்.

மூவருக்கும் தனித்தனியே எழுதாமல், எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

முதலில் அந்தப் பழங்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பார்ப்போம். "சொல்கின்றன" என்னும் வினையை எண்ணிப் பார்த்தே எழுதினேன். தைவானுக்கு வந்த புதிதில் நானும் உங்களைப் போலவே, இப்பழங்களுக்குள் ஏதோ ஆற்றல் குடியிருப்பதாக இம்மக்கள் நம்புகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன். மொழி ஓரளவு கைவந்த பிறகே உண்மை புலப்பட்டது. அன்னாசிக்கு இங்குள்ள ஹொக்கியன் பேச்சுமொழியில் 'ஓங்-லாய்' என்று பெயர். அதே ஒலியை வேறு எழுத்துகளால் எழுதினால் 'வளம் வருக' என்று பொருள்படும். அவ்வளவுதான். அன்னாசியை வாசலில் வைத்தவர் 'வளம் வருக' என்று எழுதி ஒட்டியவரே ஆகிறார். ஆப்பிளுக்கு மாண்டரின் மொழியில் 'பிங்-குவோ' என்று பெயர், அமைதிக்கு 'பிங்-ஆன்'. ஆகவே ஆப்பிளைக் கையில் கொடுப்பது 'அமைதி உண்டாகுக' என்று வாழ்த்துவதாகும். ஆரஞ்சின் பெயர் 'ஜூ'. நற்பேற்றைக் குறிக்கும் சொல் 'ஜீ'. கன்டோனியப் பேச்சில் இவ்விரண்டும் இன்னும் நெருங்கி ஒலிக்கின்றன. அதனால்தான் ஹாங்காங் வீடுகளின் வாசலில் புத்தாண்டன்று சிறிய கும்குவாட் மரங்கள் காய்த்துக் குலுங்கியபடி நிற்கின்றன. தக்காளியைப் போலத் தோன்றும் பெர்சிமன் பழத்தின் பெயர் 'ஷி'. 'காரியம்' என்பதற்கும் அதே ஒலி. இரண்டு பெர்சிமன்களை அருகருகே வரைந்தால், எடுத்த காரியமெல்லாம் எண்ணியபடி முடிக என்று பொருள். இலையுதிர்கால நிலவுத் திருநாளில் உரித்துண்ணும் பம்பளிமாசின் பெயர், காத்தருளுதல் என்னும் சொல்லோடு ஒலியில் ஒன்றுகிறது. (அதன் தோலைத் தொப்பியாகக் குழந்தைகளின் தலையில் கவிழ்ப்பதும் உண்டு. அதற்குச் சிரிப்பைத் தவிர வேறு பொருள் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.)

எல்லாப் பழங்களும் ஒலியால் மட்டுமே பொருள் பெறுவன அல்ல. பீச் நீண்ட ஆயுளைக் குறிப்பது பழைய கதைகளின் வழியாக. மாதுளை மக்கட்பேற்றைக் குறிப்பது அதன் எண்ணற்ற முத்துகளால். ஆயினும் பெரும்பாலானவை சிலேடைகளே. ஒரே ஒலிக்குப் பல பொருள்கள் அமைவது சீன மொழியின் இயல்பு. அந்த இயல்பையே வாழ்த்தாக மாற்றிக்கொண்டார்கள் இம்மக்கள்.

பழத்தில் ஆற்றல் இருப்பதாக நம்பவில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இதே தைவானில், கடைக்காரர் விரும்பி வைக்கும் அன்னாசியை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் நீங்கள் கொண்டுசெல்ல இயலாது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் உங்களை விரட்டாத குறையாக வெளியே அனுப்பிவிடுவார்கள். கடையில் 'வளம் வருக' என்றால் வாடிக்கையாளர் வருவார். அவசரப் பிரிவில் எவர் வருவார் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மாம்பழத்திற்கும் அங்கே இதே நிலைதான்; அதன் பெயரின் முதல் அசை 'வேலை மிகுதி' என்னும் சொல்லோடு ஒலிக்கிறது. அவ்வாறே, அலையும் ஆவிகளுக்கு உணவு படைக்கும் ஏழாம் மாதத்தில் வாழை, பிளம்ஸ், பேரி ஆகிய மூன்றையும் சேர்த்து வைக்கமாட்டார்கள். ஹொக்கியனில் அம்மூன்று பெயர்களும் சேர்ந்தால் 'உன்னை வரவழைக்கிறேன்' என்று ஒலிக்கும். ஒரே பழம் ஓரிடத்தில் விரும்பப்படுவதும் மற்றோரிடத்தில் விலக்கப்படுவதும் அது பேசப்படும் சூழலால் அல்லவா? விருந்தினருக்கு 'வருக' என்பதும் நோய்க்கு 'வருக' என்பதும் ஒன்றாகுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அன்னாசி அமெரிக்கக் கண்டத்திற்கு உரிய பழம். ஐரோப்பியக் கப்பல்கள் அதைக் கொண்டுவரும்வரை சீனர் அதைக் கண்டதில்லை, நாமும் கண்டதில்லை. 'அன்னாசி' என்னும் நம் சொல்லே போர்த்துக்கீசியர் நாவிலிருந்து வந்ததுதான். பழந்தெய்வ வழிபாட்டின் எச்சம் என்று நீங்கள் அஞ்சும் அப்பழம், கிறிஸ்தவ மாலுமிகளின் கப்பலில் வந்து இறங்கியது.

சொல்லுக்கு அஞ்சுவதும் சொல்லால் வாழ்த்துவதும் தமிழர் அறியாதவையா? வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொன்னால் நம் தாய்மார் பொறுப்பார்களா? 'போய் வருகிறேன்' என்று சொல்லவைத்த பிறகுதானே படியிறங்க விடுவார்கள்? நம் இலக்கணமே இதற்கு 'மங்கலம்' என்று பெயரிட்டு, தகுதி வழக்கின் ஒரு வகையாக நன்னூலில் வைத்திருக்கிறது. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்றும், சுடுகாட்டை 'நன்காடு' என்றும், ஓலையைத் 'திருமுகம்' என்றும் வழங்குவதைப் பள்ளியில் படித்தோம். புத்தாண்டன்று இங்கே ஒரு கிண்ணம் கைதவறி உடைந்தால், வீட்டிலுள்ளோர் உடனே 'ஆண்டுதோறும் அமைதி' என்று பொருள்படும் வாழ்த்தைச் சொல்லிவிடுவார்கள். உடைதலுக்கும் ஆண்டுக்கும் ஒரே ஒலி. நாம் நாவோடு நிறுத்திக்கொண்ட மங்கல வழக்கை இவர்கள் பழத்தட்டு வரைக்கும் கொண்டுசென்றார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

தனிமடலில் எழுதிய அன்பருக்கு, மறைநூலிலிருந்தே இரண்டு இடங்களைச் சுட்டுகிறேன். இறைவாக்கினர் எரேமியா அழைக்கப்பட்ட வேளையில், என்ன காண்கிறாய் என்று ஆண்டவர் அவரிடம் கேட்கிறார். வாதுமை மரக்கிளையைக் காண்பதாக அவர் விடையளிக்க, தம் வாக்கு நிறைவேறுமாறு தாம் விழிப்பாய் இருப்பதாக ஆண்டவர் மொழிகிறார். தமிழில் வாசிக்கும்போது வாதுமைக்கும் விழிப்புக்கும் என்ன தொடர்பு என்று நமக்கு விளங்குவதில்லை. எபிரேயத்தில் வாதுமை 'ஷாகேத்'; விழித்திருப்பவர் 'ஷோகேத்'. ஆமோசு நூலின் எட்டாம் அதிகாரத்திலும் இவ்வாறே. கனிந்த பழங்கள் நிறைந்த கூடையை இறைவாக்கினர் காண்கிறார். இஸ்ரயேலுக்கு முடிவு வந்துவிட்டது என்று ஆண்டவர் அறிவிக்கிறார். கோடைப்பழம் 'காயித்ஸ்'; முடிவு 'கேத்ஸ்'. பழத்தின் பெயரைக் கொண்டு சிலேடை செய்வது இறைவனுக்கே ஆகாத செயலாக இருந்திருந்தால், இவ்விரு பகுதிகளும் நம் மறைநூலில் இடம்பெற்றிரா.

ஏவாளின் கையில் ஆப்பிளை வைத்தவர் யார் என்று என்றேனும் கேட்டதுண்டா? தொடக்கநூல் அப்பழத்திற்குப் பெயர் சொல்லவே இல்லை. லத்தீனில் தீமையைக் குறிக்கும் சொல்லும் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ ஒன்றே. மேலை ஓவியர்கள் ஆப்பிளைத் தேர்ந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. நம் ஊர்க் கோவில்களில் அந்தப் படத்தைக் கண்டு வளர்ந்த நாம், எவரும் அதைக் குறை கூறக் கேட்டதில்லை. அதே ஆப்பிளைக் கிறிஸ்து பிறப்பின் முந்தைய இரவில் அழகிய தாளில் சுற்றி ஒருவருக்கொருவர் கொடுக்கும் வழக்கம் இக்காலச் சீன இளைஞரிடையே பரவியிருக்கிறது. அந்த இரவுக்குச் சீன மொழியில் 'அமைதி இரவு' என்று பெயர். அமைதி என்றால் ஆப்பிள். திருமுழுக்குப் பெறாத பிள்ளைகள், எவரும் கற்றுக்கொடுக்காமலே, நம் திருநாளுக்கு ஒரு பழத்தைச் சூட்டினார்கள். அமைதியின் அரசர் பிறந்த இரவில் அமைதியைக் கையில் கொடுக்கிறார்கள். நானோ அதைக் கண்டு மகிழ்பவன்.

இனித் தேங்காய்க்கு வருகிறேன்.

1703-ஆம் ஆண்டின் இறுதியில், தெ தூர்னோன் என்னும் திருத்தந்தையின் தூதர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சீனாவுக்குச் செல்லும் வழியில், தென்னாட்டு மறைப்பணியில் இயேசு சபையினர் ஏற்றுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பழக்கங்களை ஆராய்ந்து தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நோபிலி தொடங்கிவைத்த வழி அது. சில மாதங்களே தங்கியிருந்த தூதர், 1704-இல் பதினாறு கூறுகள் கொண்ட ஆணை ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு கூறு தேங்காயைப் பற்றியது. திருமணத்தில் தேங்காய் உடைத்து, அது உடையும் விதத்தைக் கொண்டு நன்மை தீமைகளைக் குறிபார்க்கும் பழக்கம் இருப்பதால், கிறிஸ்தவத் திருமணங்களில் தேங்காய்க்கு இடமில்லை; உண்ண விரும்பினால் சடங்குக்கு வெளியே, தனியாக உடைத்து உண்ணலாம் என்பது அதன் சாரம். உரோமையின் அதிகாரம் ஒரு தேங்காயை எங்கே, யார் முன்னிலையில் உடைக்கலாம் என்பதுவரை இறங்கி வந்தது.

அந்தத் தூதர்தாம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டுச் சீனாவுக்குச் சென்றார். 1705-இன் இறுதியில் பெய்ஜிங்கில் காங்ஸி பேரரசரைச் சந்தித்தார். 1707-இல் நான்ஜிங் நகரிலிருந்து, முன்னோர்க்குச் செய்யும் வணக்கங்களைக் கிறிஸ்தவர்க்கு விலக்கும் ஆணையைப் பிறப்பித்தார். 1610-இல் பெய்ஜிங்கில் உயிர்நீத்த மத்தேயு ரிச்சி முதலியோர் அவ்வணக்கங்களைப் பெற்றோருக்குச் செய்யும் மரியாதை என்று ஏற்றிருந்தனர். பேரரசரின் சினத்துக்கு ஆளான தூதர் மக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே காவலில் இருந்தபடியே 1710-இல் இறந்தார். உரோமை பின்வாங்கவில்லை. 1715-இல் பதினோராம் கிளமென்ட்டும், 1742-இல் பதினான்காம் பெனடிக்ட்டும் தடையை உறுதிப்படுத்தினர். 1744-இல் நம் நாட்டுப் பழக்கங்கள் பற்றிய ஆணையும் உறுதியாயிற்று. மறைப்பணிக்கு வரும் ஒவ்வொருவரும் இந்தத் தடையைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. 1939 டிசம்பர் 8 அன்றுதான், திருத்தந்தை 12-ஆம் பயஸ் காலத்தில், சீன முன்னோர் வணக்கத்தின் மீதான தடை பெருமளவு தளர்ந்தது. அடுத்த ஆண்டே இந்தியாவுக்குரிய உறுதிமொழியும் நீக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டின் சந்திரப் புத்தாண்டில் தைபேயில் கர்தினால் யூ பின் அவர்களே முன்னின்று முன்னோர் நினைவு வழிபாட்டை நடத்தினார். இன்று இத்தீவின் கத்தோலிக்க ஆலயங்களில் புத்தாண்டுத் திருப்பலியை ஒட்டி ஊதுவத்தியும் மலரும் பழமும் மதுவும் முன்னோர் நினைவாக வைக்கப்படுவது அந்த வழியில்தான். ஆகவே, நீங்கள் கண்ட மேசை என் சொந்தக் கண்டுபிடிப்பன்று.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அத்தடையின் விலையை யார் கொடுத்தார்கள்? வாதிட்டவர்கள் கொடுக்கவில்லை. புத்தாண்டு இரவில் குடும்பம் முழுவதும் தந்தையின் பெயர்ப்பலகை முன் நிற்கையில், தனியே விலகி நின்ற ஏதோ ஒரு மகனும் மருமகளும் கொடுத்தார்கள். 'இவர்கள் பெற்றோரை மறந்தவர்கள்' என்னும் பழிச்சொல்லைச் சுமந்தவர்கள் அவர்கள். சீனப் பண்பாட்டில் அதைவிடக் கொடிய பழி இல்லை.

இதை நான் நூல்களில் மட்டும் படித்திருந்தால், இப்பதிவை எழுதியிருக்கமாட்டேன்.

நான் இத்தீவுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. முதிர்ந்த வயதில் திருமுழுக்குப் பெற்ற ஒரு கைம்பெண் எங்கள் பங்கில் இருந்தார். வீட்டை மந்திரித்துத் தருமாறு என்னை அழைத்தார். போனேன். கூடத்தில் சிலுவை, அதற்கு நேர் எதிரே, ஒரு சிறிய தட்டில் பழங்களோடு அவருடைய கணவரின் படம். "சாமி, இது இருக்கலாமா?" என்று தயங்கியபடியே கேட்டார். அன்று எனக்கு மொழி பாதிதான் தெரியும். திருச்சபையின் மேற்சொன்ன வரலாறும் பாதிதான் தெரியும். உறுதி மட்டும் முழுமையாக இருந்தது. "நீங்கள் புதுவாழ்வுக்கு வந்துவிட்டீர்கள். படம் இருக்கட்டும், பழம் வேண்டாம்" என்றேன். அவர் மறுசொல் சொல்லவில்லை. தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எனக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

அந்தப் புத்தாண்டுக்கு அவருடைய மக்கள் வெளியூர்களிலிருந்து வந்தார்கள். தந்தையின் படத்தின் முன் ஒன்றுமில்லை. என்ன பேச்சு நடந்தது என்று நான் அறியேன். அவர் என்னிடம் குறை கூறவும் இல்லை. ஞாயிறுதோறும் வழக்கம்போலவே வந்தார். மூன்றாண்டுகள் கழித்து அவர் இறந்தபோது எனக்குச் செய்தி வந்தது அடக்கத்திற்குப் பின்னரே. மக்கள் ஆலயத்தை அழைக்கவில்லை. எங்கள் தந்தைக்கு ஒரு பழம் வைப்பதைத் தடுத்தவர்கள், எங்கள் தாய்க்கு மன்றாட வேண்டாம் என்று அவர்கள் எண்ணியதாக ஒரு மகள் பின்னாளில் என்னிடம் சொன்னார். அவரே மற்றொன்றும் சொன்னார்: அந்தத் தட்டில் இருந்தவை கொய்யாப் பழங்கள். கொய்யாவைத் தெய்வங்களுக்குப் படைப்பது இங்கு வழக்கமில்லை. அதன் விதை செரிக்காமல் உடலைக் கடந்து வந்து மீண்டும் முளைப்பதால், தூய்மையற்றதாகக் கருதி ஒதுக்குவார்கள். அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தபோதும் அந்த அம்மையார் கொய்யாவையே வைத்தாராம். கணவருக்கு அதுதான் பிடிக்கும் என்பதால்.

அங்கே தெய்வம் எதுவும் இல்லை. அதிர்ஷ்டமும் இல்லை. கணவருக்குப் பிடித்த பழம் இருந்தது. நான் அதை அகற்றச் சொன்னேன். என் குருத்துவ வாழ்வில் நான் செய்த தவறுகளுள் இதை முதலில் வைக்கிறேன்.

ஆகையால், "அந்த மேசையை அகற்றுங்கள்" என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது, அன்று கேட்ட என் குரலையே மீண்டும் கேட்டேன். உங்கள் மீது எனக்குச் சினமில்லை என்பதை நம்புங்கள்.

அதற்காக இப்பழங்களைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் நான் வாழ்த்தி வரவேற்கிறேன் என்று கொள்ள வேண்டாம். வாழ்த்து எப்போது மந்திரமாக மாறுகிறது என்பது எனக்கும் தெரியும். அன்னாசியை மந்திரித்துக் கொடுத்தால் பரிசுச்சீட்டு விழுமா என்று கேட்டு வந்தவரும் உண்டு. அவரை அமரவைத்துப் பேசினேன், பழத்தை மந்திரிக்கவில்லை. நம் ஊரில் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, அதே வண்டியில் திருப்பலிக்கு வருபவர்களிடம் நான் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்.

ஆனால் எனக்கு உள்ளபடியே வருத்தம் தரும் வழக்கம் வேறு. அதைக் குறித்து உங்களுள் எவரும் கேட்கவில்லை. சீனத் திருமணங்களில் மணமக்களின் படுக்கையில் நான்கு பொருள்களைத் தூவுவார்கள்: செந்நிற இலந்தை, நிலக்கடலை, லோங்கன், தாமரை விதை. நான்கின் பெயர்களிலிருந்தும் ஓர் அசையைக் கோத்தால் 'விரைவில் நன்மகனைப் பெறுக' என்று ஒலிக்கும். அழகிய சிலேடைதான். ஆண்டுகள் பல கடந்தும் கருத்தரிக்காத ஒரு பெண்ணுக்கு, ஒவ்வொரு புத்தாண்டிலும் மாமியார் வீட்டு மேசையில் பிளந்து வைத்த மாதுளை என்ன சொல்லும்? அது வாழ்த்தாகவா கேட்கும்? ஒப்புரவு அருளடையாளத்திற்கு வெளியே, சாதாரணப் பேச்சில், அந்தப் பழத்தைக் கண்டாலே தொண்டை அடைப்பதாக என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. வளைகாப்புக்கு அழைக்கப்படாத நம் பெண்களை நினைத்துக்கொண்டேன். மங்கலம் என்னும் சொல்லின் மறுபக்கம் அமங்கலம். ஒரு சாராரை மங்கலமாக்கும்போது மற்றொரு சாராரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். வேற்றுத் தெய்வம் புகுந்துவிடுமோ என்று பழத்தட்டைக் கூர்ந்து நோக்கும் நாம், அதன் எதிரே தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பெண்ணைக் காணாமல் விட்டுவிடுகிறோம். எங்கள் பங்கின் திருமணங்களில் இலந்தையும் தாமரை விதையும் வந்தால் நான் தடுப்பதில்லை. மறையுரையில் மட்டும், குழந்தை பிறந்தால்தான் இல்லறம் நிறைவுபெறும் என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை என்பதை மாமியார்கள் காதில் விழும்படி உரக்கச் சொல்லிவிடுவேன். சிலருக்குப் பிடிப்பதில்லை.

புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதை நீங்கள் அறிவீர்கள். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று அவர்கள் கேட்டபோது, சிலையில் ஒன்றுமில்லை, உண்பதால் குற்றமில்லை என்று தெளிவாகச் சொன்ன அவரே, அதனால் வலுவற்ற ஒரு சகோதரர் இடறி விழுவாரானால் தாம் உண்ணாதிருப்பதாகவும் எழுதினார். தடை கேட்பவர்கள் பின்பாதியை எனக்கு நினைவூட்டுகிறீர்கள். சரியே. ஆனால் இங்கே இடறி விழுபவர் யார் என்பதுதான் என் கேள்வி. நீங்கள் தொரான்டோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ஒரு படத்தைப் பார்க்கிறீர்கள். உங்கள் நம்பிக்கை ஓர் அன்னாசியால் ஆட்டம் காணாது என்று நான் நம்புகிறேன். என் பங்கில், பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில் தனியொருத்தியாகத் திருமுழுக்குப் பெற்று, மற்ற ஒன்பது பேரோடும் உறவு அறாமல் வாழ முயலும் ஒருத்தி இருக்கிறாள். புத்தாண்டன்று அவள் தன் மாமனாரை ஆலயத்திற்கு அழைத்து வந்திருந்தாள். அவர் அந்த மேசையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து அமர்ந்தார். எனக்கு அது போதும்.

படத்தை நீக்கப்போவதில்லை. கருத்துப் பெட்டியையும் மூடவில்லை, எழுதுங்கள், வாசிப்பேன்.

அந்தப் பழங்கள் என்னவாயின என்று ஒருவர் கேட்டிருந்தார். திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் வைத்து வெட்டி எல்லாருமாக உண்டோம். அன்னாசியைத் தோல் சீவும் பணி வழக்கம்போல் எனக்கு. நம் ஊர்க்காரர்களுக்கு அது கைவந்த கலை என்று இங்கே எப்படியோ ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேசையின் பின்வரிசையில், பூச்சாடிக்குப் பாதி மறைவில் ஒரு பேரிக்காய் தெரியும். தொழிற்சாலையில் பணிபுரியும் ஒரு வியட்நாமிய இளைஞன் கொண்டுவந்து வைத்தது. பேரிக்காயின் பெயருக்கும் பிரிவுக்கும் ஒரே ஒலி என்பதால் அதைப் புத்தாண்டில் எவரும் வைப்பதில்லை. அவனுக்கு அது தெரியாது. எங்கள் பங்கின் மூதாட்டிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. பூச்சாடியை மட்டும் சற்று நகர்த்தி வைத்தார்கள். வெட்டும் வேளையில் அந்தப் பழத்தில் எவரும் கத்தி வைக்கவில்லை. பகிர்ந்து உண்டால் பிரிவு வருமாம். "சாமிக்குக் குடும்பம் இல்லை, பிரிவதற்கு ஆளும் இல்லை" என்று சொல்லி, முழுப்பழத்தையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள்.